கடிகாரம் வேண்டாமே!

ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கிற நண்பருக்குக் கல்யாணமா? உடனே ஆபீஸே வசூல் பண்ணி சுவர்க் கடிகாரம் வாங்கிவிடும். பாவம், கம்பெனி பஸ், பஞ்ச், டார்கெட் என்று மனுஷன் ஏற்கெனவே முள்ளின்மேல்தான் நிற்கிறார்!

இந்தத் தடவை 'மிஸ்ட்' கொடுங்களேன். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி 1993-ல் கொண்டுவந்த கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆளரவமற்ற தீவு, அலைச் சத்தம், நூலகத்தில் எரிந்துபோன புத்தகங்கள். சுட ஆளில்லை; நேரக் கணக்கும் இல்லை. ஒரு புதிருக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாலும் எந்த சூப்பர்வைசரும் கேட்கமாட்டார். 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது சும்மாவா? 2021-ல் புதுப்பித்தும் விட்டார்கள்.

கூடவே ஒரு நோட்டு, பென்சில். குறிப்பெடுக்காமல் கதை நகராது.

ராக்கெட்டுக்குள் ஒலிகளை அடையாளம் காணும் புதிரை என் வீட்டில் அவிழ்த்தது, பாட்டு கற்ற என் மனைவிதான். நான் டீ போட்டேன்.