பானெக்கரின் கடிதமும் ஜெஃபர்சனின் இரண்டு பதில்களும்



18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள், தாங்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் பழகிய உலகத்தை ‘அறிஞர்களின் குடியரசு’ என்று அழைத்தார்கள். கண்டுபிடிப்பு, விதை, வரைபடம், புதிய நூல் எல்லாம் கடிதங்களோடு பயணப்பட்டன. ஸ்வீடனில் இருந்த லின்னேயஸுக்குப் பல நாடுகளிலிருந்து செடிகள் வந்தது இப்படித்தான். இந்தக் குடியரசில் நாடும் மதமும் பிறப்பும் தடையில்லை, அறிவே தகுதி என்று பெருமை பேசினார்கள். கடிதம் வந்தால் பதில் எழுதுவது அதன் நாகரிகம்.

அந்தப் பெருமைப் பேச்சை ஒரு கறுப்பர் சோதித்துப் பார்த்தார். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1731இல் பிறந்த பெஞ்சமின் பானெக்கர் அடிமையல்லர். சொந்த நிலத்தில் உழுதவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகு, பக்கத்து ஊர் ஜார்ஜ் எல்லிகாட் இரவல் தந்த நூல்களையும் கருவிகளையும் கொண்டு தானாகவே வானியல் கற்றார். கிரகணங்களைக் கணித்தார், 1792ஆம் ஆண்டுக்கான பஞ்சாங்கத்தைத் தயாரித்தார்.

அதன் கையெழுத்துப் படியை 1791 ஆகஸ்ட் 19 அன்று தாமஸ் ஜெஃபர்சனுக்கு அனுப்பினார். ஜெஃபர்சன் அப்போது வெளியுறவு அமைச்சர். எல்லா மனிதரும் சமம் என்ற 1776ஆம் ஆண்டுப் பிரகடனத்தை எழுதியவர். தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர். கறுப்பர்கள் அறிவில் தாழ்ந்தவர்களோ என்ற ஐயத்தைத் தம் நூலில் அச்சேற்றியவரும் அவரே. பானெக்கர் பணிவோடு தொடங்கி, அவருடைய பிரகடன வாசகத்தையே அவர்முன் வைத்தார். சமத்துவம் பேசும் நீங்களே என் மக்களை அடிமைகளாக வைத்திருக்கலாமா என்று கேட்டார். உதவி கேட்கும் கடிதமல்ல அது, கணக்குக் கேட்கும் கடிதம்.

ஆகஸ்ட் 30 அன்றே பதில் வந்தது. கறுப்பர்களுக்கும் சமமான திறமை உண்டு என்பதற்கு இத்தகைய சான்றுகளைக் காண்பதே தம் விருப்பம் என்று ஜெஃபர்சன் எழுதினார். பஞ்சாங்கத்தைப் பாரிஸ் அறிவியல் கழகச் செயலர் கொண்டோர்சேவுக்கு அனுப்பியதாகவும் சொன்னார். அக்கால வழக்கப்படி, தம்மைப் பணிவான ஊழியன் என்று சொல்லிக் கையொப்பமிட்டார். அடிமைகளின் உடைமையாளர் ஒரு கறுப்பருக்கு எழுதிய சொற்கள் அவை. ஆனால் அடிமைமுறை பற்றிய கேள்விக்கு அதில் நேரான பதில் இல்லை.

இரண்டாவது பதில் பானெக்கருக்கு எழுதப்பட்டதல்ல. அவர் 1806இல் காலமானார். 1809இல் ஜோயல் பார்லோ என்ற நண்பருக்கு எழுதும்போது, பானெக்கரின் கணக்குகளில் எல்லிகாட்டின் உதவி இருந்திருக்கலாம் என்று ஜெஃபர்சன் சந்தேகப்பட்டார். அவர் எழுதிய நீண்ட கடிதமே மிகச் சாதாரணமான அறிவைத்தான் காட்டுகிறது என்றும் எழுதினார்.

முகத்துக்கு நேரே மரியாதை, முதுகுக்குப் பின்னே ‘இவனே எழுதியிருப்பானா?’ என்ற கேள்வி. நம்மில் படித்து மேலே வந்த யாருக்கும் இது புதிதல்ல. தகுதியை அளக்கும் கோலை ஒரு தரப்பே வைத்திருக்கும்வரை, நட்பான கடிதமும் சமத்துவம் ஆகிவிடாது.

ஆனால் பானெக்கர் ஒன்று செய்தார். தம் கடிதமும் ஜெஃபர்சனின் பதிலும் 1792இல் சிறு நூலாக அச்சாயின. அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கத்திலும் இடம்பெற்றன. அவரை அடக்கம் செய்த நாளில் வீடு தீப்பற்றி, பெரும்பாலான தாள்கள் அழிந்தன. அச்சேறிய கடிதம் பிழைத்தது. பிற்கால அடிமைமுறை எதிர்ப்பாளர்களுக்கு அது ஆயுதமானது.

1946இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பர்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார். டு போய்ஸ் தோழமையோடு பதில் எழுதினார். அங்கே யாரும் யாருக்கும் தகுதிச் சான்று தரவில்லை. அந்தக் கடிதங்களை இன்று நாம் படிக்க முடிவது, டு போய்ஸின் தாள்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டிருப்பதால்தான்.

மாணவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நம் மூத்தவர்களின் டிரங்குப் பெட்டிகளில் இன்னும் கடிதங்கள் இருக்கின்றன. கறையான் அரிப்பதற்குள் அவற்றைப் படியெடுங்கள், அச்சேற்றுங்கள். நினைவைப் போற்றுவதற்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.