கோப்பும் காப்பும்

2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்த பின்னர், எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடற்கரைக்கு நெடுந்தொலைவில் உள்ள ஊர் அது. பேருந்து நிலையத்தருகே நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துச் சென்ற காட்சியை நேயர்களில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். வீடுகளிலும் நீர் புகுந்தது. நனைந்த கணிப்பொறிக்குப் பதிலாக வேறொன்று வாங்கிவிடலாம். ஆனால் அதன் கோப்புகளையெல்லாம் படியெடுத்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்கும் அதே மேசையின் இழுப்பறையில் இருந்து, அதே நீரில் நனைந்துவிட்டால், மூன்றாண்டு எழுதிய பாடக்குறிப்புகளையும் மறைந்த பாட்டியின் படத்தையும் எந்தக் கடையில் போய் வாங்குவது?

படி எடுத்து வைத்தால் மட்டும் போதாது. மூலத்திற்கு வரும் கேடு படிக்கும் வாராத இடத்தில் அதனை வைத்தல் வேண்டும். இஃது ஒன்றையே இன்று உங்களிடம் வற்புறுத்த விரும்புகிறேன். தமிழருக்கு இது புதிய செய்தி அன்று. ஓலை செல்லரிக்கும், ஆதலால் நம் முன்னோர் ஏடுகளைப் பெயர்த்தெழுதிக்கொண்டே வந்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது, ஓரிடத்து ஏட்டை மட்டும் நம்பவில்லை. பல இடங்களிலிருந்து வந்த ஏடுகளை ஒப்புநோக்கினார். ஓர் ஊரில் சிதைந்தது வேறோர் ஊரில் முழுமையாக இருந்தது. படிகள் பல வீடுகளில் சிதறிக் கிடந்ததே நமக்கு வாய்த்த நற்பேறு.

ஓசூரில் என்னிடம் படித்து, இப்பொழுது சிப்காட் தொழிற்பேட்டையில் பயிற்சியாளராக இருக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார்: "ஐயா, ஹார்ட் டிஸ்கை ஒருமுறை வாங்கினால் முடிந்தது. இணையத்தில் சேமித்தால் மாதந்தோறும் பணம் கட்டவேண்டுமே! அது வீண் செலவு அல்லவா?" கேள்வி நியாயமானதே. ஹார்ட் டிஸ்கிற்கு வாடகை இல்லை, இணையத் தொடர்பு வேண்டுவதில்லை, வேண்டியதை நொடியில் திருப்பித் தரும். அதன் நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதன் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். உள்ளே ஒரு தட்டு நிமிடத்திற்கு 5,400 முறையோ அதற்கு மேலுமோ சுழல்கின்றது. எழுத்தைப் படிக்கும் முனை அத்தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றது. ஒரு மயிரிழையின் பருமனோ பல்லாயிரம் நானோமீட்டர்! சுழன்றுகொண்டிருக்கையில் மேசையிலிருந்து தவறி விழுந்தால், முனை தட்டில் உரசி எழுத்தை அழித்துவிடக்கூடும். சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வகை இதற்குத் தப்பும். ஆனால் திருட்டுக்கும் மறதிக்கும் தப்பாது. நாள்தோறும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குச் சென்று படித்துத் திரும்பும் மாணவர்கள் கணிப்பொறியையும் டிஸ்கையும் ஒரே பையில் சுமக்கிறார்கள். பை பேருந்தில் தவறினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இதனினும் பெரிய குறை, டிஸ்கில் படியெடுக்க நம் கை வேண்டும் என்பது. வாங்கிய வாரம் தினமும் இணைப்போம். அடுத்த மாதம் ஞாயிறுதோறும் என்போம். தேர்வு வந்துவிட்டால் அதுவும் நிற்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவரோடு பழகியவன் நான். இதற்குச் சான்று தேடி எங்கும் போகவேண்டியதில்லை. இணையக் காப்போ, ஒருமுறை அமைத்துவிட்டால், நாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மாறிய பகுதிகளைத் தானாக அனுப்பிவிடுகிறது. அதற்குக் கொடுக்கும் கட்டணத்தில் பாதி, நமது சோம்பலுக்குக் கொடுக்கும் கட்டணம் என்பேன்.

முதல்முறை எல்லாவற்றையும் அனுப்புவதற்கு மட்டும் பொறுமை வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். உங்களிடம் 100 ஜிகாபைட் அளவுக் கோப்புகள் உள்ளன. இணைப்பு நொடிக்கு 10 மெகாபிட் மேலேற்றுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் ஆதலால், அனுப்பவேண்டியவை எட்டு லட்சம் மெகாபிட். அதற்கு 80,000 நொடி. அதாவது 22 மணி நேரத்திற்குச் சற்று மேல். இரவில் மட்டும் ஏற்றினால் மூன்று இரவு. பின்னர்ப் புதியவை மட்டுமே செல்லும்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். பலர் இணையத்தில் வைத்திருப்பதாகச் சொல்வது காப்பு அன்று, ஒத்திசைவு. கணிப்பொறியில் ஒரு கோப்பை அழித்தால் இணையத்திலும் அழியும், கைபேசியிலும் அழியும். கண்ணாடியில் தெரியும் உருவம் போன்றது அது. ஆள் நகர்ந்தால் உருவமும் நகரும். உண்மையான காப்பு பழைய வடிவங்களையும் சில காலம் வைத்திருக்கும். பல நிறுவனங்கள் 30 நாள் வரை வைக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்த பின்னரே சேருங்கள். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் 150-க்கு மேற்பட்ட நாடுகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்டது. இத்தகைய நிரல்கள் கணிப்பொறியில் செருகியிருக்கும் டிஸ்கையும் விடுவதில்லை. முந்திய வடிவங்கள் இணையத்தில் இருந்தால், பூட்டப்பட்டதற்கு முதல் நாளைய கோப்பைத் திரும்பப் பெறலாம்.

அப்படியானால் இணையத்திற்கு அழிவே இல்லையா? உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசின் தகவல் நிலையத்து மின்கலங்களில் தீப்பற்றியது. அரசு அலுவலர்கள் தம் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் கிடங்கு, 858 டெராபைட் அளவோடு எரிந்துபோயிற்று. அதற்கு வெளியிடத்தில் வேறு படி இல்லை. இணையத்தில் இருந்ததால் வந்த கேடு அன்று இது; ஒரே இடத்தில் இருந்ததால் வந்த கேடு. ஊத்தங்கரையில் நீர் செய்யக்கூடியதை டேஜானில் நெருப்புச் செய்தது. ஆகவே, மூலம் உங்கள் கணிப்பொறியில் இருக்கட்டும். இணையத்தில் இருப்பது படியாக இருக்கட்டும். கணிப்பொறியில் இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்துவிட்டு இணையத்தை மட்டும் நம்புவோர், படி வைத்திருப்பவர் ஆகார். கையில் பணம் இருந்தால் ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று படி, இருவகைக் கருவி, ஒன்று வெளியூரில் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் வழக்கு. ஆனால் ஒன்றைத்தான் வாங்க இயலும் என்ற நிலையில், இணையத்தையே தேர்ந்தெடுங்கள்.

சேர்ந்த பின்னரும் செய்யவேண்டியவை சில உள. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, சான்றிதழ்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். கோப்புகளை நீங்களே ஒரு திறவுகோலால் பூட்டி அனுப்பும் வசதியும் உண்டு; அத்திறவுகோலை இழந்தால், சேமித்து வைத்த நிறுவனத்தாராலும் திறக்க இயலாது. கட்டணம் நின்றால் காப்பும் நின்றுவிடும். இலவசமாக வைத்திருப்போரும் கவலையின்றி இருக்கலாகாது. கூகுள் நிறுவனம் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனியார் கணக்குகளை நீக்கும் முறையை 2023 டிசம்பரில் தொடங்கியது. அது தரும் 15 ஜிகாபைட்டும் அஞ்சல், படங்கள், கோப்புகள் மூன்றுக்கும் பொதுவானதே. பருவத்துக்கு ஒருமுறையேனும் நண்பரின் கணிப்பொறியில் அமர்ந்து, உங்கள் காப்பிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை வரவழைத்துத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால், அதனை அன்று அறிவது தேர்வுக்கு முதல் நாள் அறிவதைவிட நல்லது. பார்த்து முடித்ததும் நண்பரின் கணிப்பொறியிலிருந்து வெளியேற மறவாதீர்கள்.