தன்னார்வச் சமூக ஆண்டு (செருமனி)

தன்னார்வச் சமூக ஆண்டு என்பது செருமனியில் கட்டாயப் பள்ளிக் கல்வியை முடித்த, 27 வயதுக்குட்பட்ட இளையோர் தொண்டு நிறுவனங்களிலும் பொதுநல அமைப்புகளிலும் பணியாற்றிப் பயிற்சி பெறும் திட்டமாகும். 1954-இல் நொயன்டெட்டல்சாவ் ஊரின் லூத்தரன் திருச்சபைத் தொண்டு நிலையம் இளம்பெண்களுக்கு விடுத்த அழைப்பு இதற்கு முன்னோடியாக அமைந்தது. 1964-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

பணிமுறை

பணிக்காலம் பொதுவாக 12 மாதங்கள். மருத்துவமனை, முதியோர் இல்லம், மழலையர் பள்ளி போன்ற இடங்களில் இவர்கள் பணிபுரிகின்றனர். ஊதியம் இல்லை, கைச்செலவுத் தொகையும் சமூகக் காப்பீடும் உண்டு. ஓராண்டில் 25 நாட்கள் பயிலரங்குகளுக்கு உரியவை. நிலையான ஊழியர்களுக்கு மாற்றாக இவர்களை அமர்த்தக்கூடாது.

பயன்கள்

முதியவருக்கு உணவூட்டுதல், குழந்தைகளைக் கவனித்தல் முதலிய வேலைகளை நேரில் செய்வதால், செவிலியமோ சமூகப்பணியோ கற்பித்தலோ தமக்கு ஏற்றதா என்பதை மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இளையோர் அறிகின்றனர். ஏற்றதல்ல என்று தெரிந்துகொள்வதும் பயனே. பொருந்தாத படிப்பில் ஆண்டுகள் வீணாவதை அது தவிர்க்கிறது. பணி முடிவில் சான்றிதழும் பெறலாம்.

வரம்புகள்

கைச்செலவுத் தொகையை மட்டும் கொண்டு தனியே வாழ்வது கடினம். எனவே பெற்றோருடன் வசிப்போருக்கு எளிதான இவ்வாய்ப்பு, குடும்ப உதவி இல்லாதோருக்கு எட்டாமல் போகக்கூடும்.