கடன் கொடுத்தவர் வெளியே நிற்கட்டும்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் தொழிற்சாலை வேலையை நம்பி வாடகை வீட்டில் வாழும் குடும்பங்கள் பல. இரண்டு மாதம் வேலை இல்லையென்றால் வாடகை நின்றுவிடும். உடனே தண்ணீரை நிறுத்துவதும், ஃபியூஸைப் பிடுங்குவதும், வீட்டைப் பூட்டுவதும் நடக்கின்றன. இப்படிச் செய்பவரும், அவதிப்படுபவரும் சில வேளை ஒரே திருப்பலியில் பங்கேற்பவர்களே!

கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை எடுக்கக் கடன்பட்டவரின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும். ஏழையின் போர்வையை அடகாகப் பெற்றால் பொழுது சாயும்போது திருப்பித் தர வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல் (24:10-13). கடனை இறைவன் தள்ளுபடி செய்யவில்லை. அதைக் கேட்கும் முறைக்கு எல்லை வகுக்கிறார்.

நம் மாநிலச் சட்டமும் இதையே செய்கிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தால் உரிமையாளர் முதலில் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் வட்டியுடன் செலுத்தினால், அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. ஆனால் இச்சலுகை பெற்றபின், மீண்டும் ஓராண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அது கிடைக்காது. வெளியேற்றும் ஆணையைத் தர வேண்டியது வாடகை நீதிமன்றமே. பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

வாடகைதாரருக்கும் கடமை உண்டு. வாடகைப் பணத்தை நம்பியே மருந்து வாங்கும் விதவைத் தாய்மாரும் நம்மிடையே உரிமையாளர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு உரியதைத் தாமதிப்பதும் அநீதியே. வாடகை கொடுத்தால் ரசீது வாங்குங்கள். உரிமையாளர் வாங்க மறுத்தால், சட்டப்படி வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி உண்டு. எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்து, அதைப் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாகலாம்.

பாக்கி ஒரு மாதமாக இருக்கும்போதே இருவரும் அமர்ந்து பேசுங்கள். அன்பியக் கூட்டத்திலோ பங்கு அலுவலகத்திலோ சொல்லுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினரின் உதவியையும் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெத்லகேமில் இடம் கிடைக்காத குடும்பத்தை வணங்கும் நாம், ஒரு குழந்தையின் புத்தகப் பையைத் தெருவில் வைக்கலாமா? வாசலில் நின்று கேட்கும் பொறுமையை உரிமையாளருக்கும், சொன்ன சொல் காக்கும் மனத்தை வாடகைதாரருக்கும் இறைவன் அருள்வாராக!