மகமை, பேட்டை, உறவின்முறை: அயலூரில் வணிகர் கட்டிய துணை

மகமை என்பது வணிகர்கள் தங்கள் வியாபாரத்தின் அளவுக்கு ஏற்பப் பொதுநிதிக்கு விரும்பிச் செலுத்தும் சிறு தொகை ஆகும். பேட்டை என்பது அந்நிதியால் கட்டப்பட்ட, மதில் சூழ்ந்த வண்டித் தங்குமிடம். இரண்டையும் நிர்வகித்த ஊர்ச்சபையே உறவின்முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே, இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதிக்கு வணிகம் செய்யச் சென்ற நாடார் வணிகர்கள் இம்மூன்றையும் வளர்த்தெடுத்தனர்.

இவர்கள் கடல் கடந்து சென்றவர்கள் அல்லர். ஆனாலும் அக்காலத்தில் பிறந்த ஊரிலிருந்து நாலைந்து நாள் வண்டிப் பயணத் தொலைவு என்பதே ஒருவனை அந்நியனாக்கப் போதுமானது. சென்ற ஊரில் நிலம் இல்லை, உறவு இல்லை, ஊர்க் கோயிலில் நுழையவும் உரிமை இல்லை.

வழி திறந்த காலம்

சாத்தூர், சிவகாசி வட்டாரக் கரிசல் நிலம் பாளையக்காரர்களின் ஆளுகையில் இருந்தது. ஏழாயிரம்பண்ணையும் அத்தகைய ஒரு பாளையம். 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது, அவருக்குத் துணைநின்ற ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி முதலிய பாளையங்களையும் கும்பினி அரசு பறித்துக்கொண்டது. 1801-க்குப் பின் பாளையப் போர்கள் ஓய்ந்தன. தெற்கே விளைந்த கருப்பட்டியும், கடற்கரை உப்பும் கருவாடும் மாட்டு வண்டிகளில் வடக்கே போகத் தொடங்கின. திரும்பும் வண்டியில் பருத்தி வந்தது.

போர் ஓய்ந்தாலும் வழிப்பறி ஓயவில்லை. பொதி ஏற்றிய வண்டி ஒரு நாளில் பத்துப் பதினைந்து மைல் போகும். பொழுது சாய்ந்தால் எங்கே அவிழ்ப்பது என்பதே வணிகனின் முதல் கவலை. இரவில் சரக்கு போனால் முதல் போயிற்று. அந்த முதலும் பெரும்பாலும் கடன் வாங்கியதுதான்.

பேட்டையின் அமைப்பு

இக்கவலைக்கான விடையாகப் பேட்டைகள் எழுந்தன. உயர்ந்த மதில், இரவில் அடைக்கப்படும் வாயில், உள்ளே கிணறு, மாடு கட்ட இடம், சரக்கு வைக்க அறைகள். வண்டிக்காரர்கள் அங்கே சமைத்து உண்டு உறங்கினர். விலைவாசிச் செய்தியும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்ற தகவலும் அங்கேதான் கைமாறின. இந்த இரண்டாவது பயனைப் பலரும் கவனிப்பதில்லை. புது ஊரில் கடை வைக்க நினைக்கும் இளைஞனுக்கு மதிலைவிட அந்தப் பேச்சுதான் பெரிய முதலீடாக இருந்திருக்கும்.

பேட்டையைப் பயன்படுத்தியவர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை செலுத்தினர். வண்டியில் வந்தவர்களில் சிலர் பேட்டையைச் சுற்றியே கடை போட்டுக் குடியேறினர். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் இவர்களின் முதன்மை வணிகத் தலங்களாயின. விருதுபட்டிதான் 1923-இல் விருதுநகர் என்று பெயர் பெற்றது.

உறவின்முறையின் கடுமை

குடியேறிய குடும்பங்கள் கூடி அமைத்த உறவின்முறையில் முறைகாரர்கள் முறை வைத்துப் பொறுப்பேற்றனர். மகமையைத் தண்டுவது, கணக்குக் காட்டுவது, உறுப்பினரிடையே எழும் வழக்கைத் தீர்ப்பது ஆகியவை அவர்கள் பணி. வழக்கு நீதிமன்றம் போகாமல் உள்ளேயே தீர வேண்டும் என்பது எழுதாத விதி. தீர்ப்பை மீறியவர் விலக்கி வைக்கப்படலாம். விலக்கப்பட்டவருக்கு நாவிதரும் வண்ணாரும் கூடக் கிடைக்கமாட்டார்கள். துணைநின்ற அமைப்பே தண்டிக்கவும் செய்தது என்பதை மறைப்பதற்கில்லை. மேலும் அதன் காப்பு தன் சாதியாருக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

வளம் பெருகியபின் உரிமைக் கோரிக்கை எழுந்தது. எதிர்ப்பும் கூடவே எழுந்தது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இதற்கிடையில் 1899-இல் சிவகாசி பெருந்தாக்குதலுக்கும் கொள்ளைக்கும் உள்ளானது.

பள்ளிக்கூடம் வரை

1870-களில் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை வந்தபின் வண்டிப் பேட்டையின் தேவை குறைந்தது. மகமை நிற்கவில்லை, செலவிடும் இடம்தான் மாறியது. விருதுபட்டியில் 1889-இல் சத்திரிய வித்யாசாலை தொடங்கப்பட்டது. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒதுக்கிவைத்த பிடி அரிசியும் அதற்கு உதவியது. 1903-இல் பிறந்த காமராசர் சிறுவனாகப் படித்தது அப்பள்ளியில்தான். 1910-இல் நாடார் மகாஜன சங்கமும், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் தோன்றின. அவ்வங்கியே இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப்படுகிறது.

கடலுக்கு அப்பால்

இதே தேவைக்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் கண்ட விடை கிட்டங்கி ஆகும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் ஒரே கூடத்தில் பல பெட்டியடிகள் அடுத்தடுத்து இருந்தன. முகவர்கள் பகலில் அங்கே கணக்கெழுதி, இரவில் அங்கேயே படுத்தனர். அவர்களும் மகமை செலுத்தினர். சிங்கப்பூர் டேங்க் சாலையில் 1859-இல் முருகன் கோயில் எழுப்பினர். வேறுபாடு ஒன்றுண்டு. கிட்டங்கியில் தங்கியவர் மூன்றாண்டு போன்ற தவணை முடிந்ததும் செட்டிநாடு திரும்பினார். பேட்டைக்கு வந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. வந்த ஊரையே தம் ஊராக்கிக்கொண்டனர்.

விருதுநகர் வட்டாரத்தில் மகமை வசூலிக்கும் வழக்கம் இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பள்ளி, கோயில், திருமண மண்டபம் என்று அதன் பயன் தொடர்கிறது. பழைய பேட்டைகளின் பெயர் மட்டும் பல ஊர்களில் தெருப் பெயராக எஞ்சியுள்ளது.