தனித்தொகுதிகளும் இணையத் தேர்தலும்: சட்டம் எங்கே பின்தங்குகிறது?

இந்திய மக்களவையின் 543 இடங்களில் 84 பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் அவ்வாறு ஒதுக்கப்பட்டவை 44. 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதிக்கு மாற்றாகக் கூட்டு வாக்காளர் முறையைக் கொண்டுவந்தது. இதனால் தனித்தொகுதியில் போட்டியிடுவோர் அனைவரும் தலித்துகளே ஆயினும், வெற்றியைத் தீர்மானிக்கும் வாக்குகளில் பெரும்பகுதி தலித் அல்லாதோருடையது. தேர்தலில் இணையத்தின் செல்வாக்கை நாம் ஆராயும்போது இந்த உண்மையை அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

பொதுமேடையில் ஒலிபெருக்கி வழியே பேசப்படுவது ஊருக்கும் கேட்கும், சேரிக்கும் கேட்கும். சேரியில் ஒரு வாக்குறுதியும் ஊரில் அதற்கு நேரெதிரான வாக்குறுதியும் தருபவர் எளிதில் அகப்பட்டுக்கொள்வார். வாட்ஸ்அப் குழுக்களும் இலக்கு வைத்து அனுப்பப்படும் விளம்பரங்களும் இந்தப் பொதுவெளியைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. ஊர்க் குழுவுக்குச் செல்லும் செய்தி சேரியின் கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் படாத ஒன்றை மறுக்கவும் இயலாது. புகாராக அளிக்கவும் இயலாது.

செலவுக் கணக்கு

பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 2022இல் 95 லட்சம் ரூபாயாகவும், சட்டமன்ற வேட்பாளருடையது 40 லட்சம் ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. சமூக ஊடகக் கணக்குகளை வேட்புமனுவுடன் தெரிவிக்க வேண்டும், இணைய விளம்பரங்களுக்கு முன்சான்று பெற வேண்டும், அவற்றின் செலவைக் கணக்கில் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் ஆணையிட்டது. ஆனால் கட்சிகளின் செலவுக்குச் சட்டத்தில் உச்சவரம்பே இல்லை. வேட்பாளரின் அனுமதியின்றி அவருக்காகப் பிறர் செலவிடுவது குற்றம்தான்; பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவின்படி அதற்கான தண்டனை பத்தாயிரம் ரூபாய் வரையிலான அபராதம் மட்டுமே. பணபலமற்ற தலித் இயக்கங்கள் எத்தகைய களத்தில் போட்டியிடுகின்றன என்பதை இதிலிருந்தே உணரலாம்.

சாதியின் பெயரால் வாக்கு

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு, சாதியின் பெயரால் வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. வாக்காளரின் சாதியைச் சுட்டி வாக்குக் கேட்பதும் இதில் அடங்கும் என்று அபிராம் சிங் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. ஆயினும், அந்த வேண்டுகோளை வேட்பாளரோ அவருடைய முகவரோ விடுத்தார், அல்லது அவர்களின் ஒப்புதலோடு பிறர் விடுத்தார் என்பதை நிறுவ வேண்டும். பெயரற்ற கணக்கிலிருந்து பரவும் காணொளிக்கு யாருடைய ஒப்புதல் இருந்தது என்று நிறுவுவது எளிதன்று. தடுப்பதற்கென்று இயற்றிய சட்டம் இங்கே செயலற்றுப்போகிறது.

இதன் விளைவு வாக்கு எண்ணிக்கையோடு முடிவதில்லை. 2019 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவை ஒட்டி, ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்தும் ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் பரவியது. பொன்னமராவதியில் கலவரம் மூண்டு, 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. ஒரு ஒலித்துண்டு எவ்வளவு விரைவில் தெருவுக்கு வரும் என்பதற்கு அது சான்று.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்

வாக்களிக்க விடாமல் தடுப்பதும், குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்குமாறு மிரட்டுவதும் இச்சட்டத்தின் 3(1)(l) பிரிவின்படி குற்றம். எழுத்தாலோ பேச்சாலோ காட்சியாலோ பட்டியல் சாதியினர்மீது வெறுப்பை வளர்ப்பது 3(1)(u) பிரிவின்படி குற்றம். இணையத்தில் நிகழும் சாதி இழிவுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியது. ஆனால் 2024 ஆகஸ்டில், ஷாஜன் ஸ்காரியா வழக்கில், 3(1)(u) பிரிவு தனிநபரை அன்றி, குழுவாகப் பட்டியல் சாதியினரைக் குறிவைக்கும் பேச்சுக்கே பொருந்தும் என உச்ச நீதிமன்றம் விளக்கியது. அவ்வழக்கு ஒரு தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைப் பற்றிய யூடியூப் காணொளியிலிருந்து எழுந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

வழக்குகள் பெரும்பாலும் சான்றில்தான் தோற்கின்றன. மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. அதுவும் ஒரு தேர்தல் வழக்கே. இன்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, கோப்பின் ஹாஷ் மதிப்போடு கூடிய சான்றிதழைக் கேட்கிறது. ஆகவே ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. செய்தி வந்த கைபேசியை அழிக்காமல் வைத்திருங்கள். அனுப்பியவர் எண், குழுவின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்தல் மனுவைத் தாக்கல் செய்யச் சட்டம் தரும் காலம், முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்கள் மட்டுமே.

சட்டத் திருத்தத்திற்கான கோரிக்கைகளும் தெளிவாக இருக்க வேண்டும். கட்சிகளின் இணையச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும். எந்தத் தொகுதியில், யாரைக் குறிவைத்து, யார் பணத்தில் ஒரு விளம்பரம் காட்டப்பட்டது என்பதை நிறுவனங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். 2019இல் சமூக ஊடக நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டது தன்னார்வ நெறிமுறை. அதைச் சட்டக் கடமையாக்க வேண்டும். ஊருக்குச் சொல்லப்படுவது சேரிக்கும் தெரிந்தாக வேண்டும் என்பதே இக்கோரிக்கைகளின் சாரம்.