இருட்டில் நடந்த சமையல் நிகழ்ச்சி

சுவையான உணவைப் புகழவேண்டுமானால் நளபாகம் என்போம். இன்னும் ஒரு படி மேலே சென்று வீமபாகம் என்போம். இருவரும் ஆடவர், இருவரும் அரச குலத்தினர், விதிவசத்தால் மறைந்து வாழ நேர்ந்த காலத்திலே பிறர் அரண்மனையிற் கரண்டி பிடித்தவர்கள். நாள்தோறும் மூன்று வேளையும் அடுப்பை ஊதிய நம் பாட்டிமாரின் பெயரால் ஒரு பாகமும் வழங்கவில்லை. இந்தக் குறை நமக்கு நெடுங்காலம் குறையாகவே தோன்றியதில்லை. பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரு மூதாட்டியின் பக்கத்தில் அமர்ந்து தொலைக்காட்சியிலே சமையல் நிகழ்ச்சி பார்த்த அன்றுதான் அது நம் உள்ளத்தில் தைத்தது.

நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான பழைய லயன் காம்பரா. முன்னே இஸ்தோப்பு, பின்னே, புகையேறிக் கறுத்த சமையற்கட்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பூவேலை செய்த துணியால் மகுடம் சூட்டப்பெற்ற தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நண்பரின் தாயார், மனைவியார், இரு பிள்ளைகள், அடுத்த வீட்டார் மூவர் என ஒரு சபையே கூடியிருந்தது. பிள்ளைகள் “அப்பாயி” என்று அழைத்ததால் நாமும் அந்த அம்மையாரை அப்பாயி என்றே அழைத்தோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த கைகள் மடியிலே கிடந்தன. வாய் மட்டும் ஓயவில்லை.

திரையிலே ஒரு சமையற் கலைஞர் சின்னஞ்சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் வெங்காயம், இஞ்சி, மல்லித்தழை முதலியவற்றை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டியிலே கொட்டினார். “வெங்காயம் உரித்தது யாரு?” என்று அப்பாயி கேட்டார். யாரும் விடை கூறவில்லை. சிறிது நேரத்தில் கலைஞர் மேசையின் கீழிருந்து, முன்னரே வெந்த இறைச்சியை எடுத்து வைத்தார். “இது எப்போ வெந்துச்சு?” என்று மறுபடியும் ஒரு கேள்வி. நிகழ்ச்சி முடிந்து இன்னிசை ஒலித்தபோது, “சட்டி கழுவுறதைக் காட்டுறதே இல்லை” என்று சொல்லி, அடுத்த நிகழ்ச்சிக்குத் தயாரானார். இத்தனை குற்றம் கண்டவர் ஒரு நிமிடங்கூட இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

மலைநாட்டுக்குத் தொலைக்காட்சி வந்த வரலாற்றை இளைய வாசகர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. இலங்கையில் முதல் ஒளிபரப்பு 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. ஜப்பானிய அரசின் உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி தன் சேவையை ஆரம்பித்தது. அதன் கோபுரம் 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதலாகலை உச்சியிலே நின்றபோதிலும், ஊவாவின் மலைமடிப்புகளுக்குள் ஒளிந்து கிடக்கும் லயங்களுக்குப் படம் தெளிவாக வந்து சேர்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாயிருந்தது. மூங்கிற் கம்பின் நுனியில் அன்டெனாவைக் கட்டி, ஒருவர் கூரையருகே நின்று திருப்ப, மற்றவர் உள்ளிருந்து “வருது, வருது… போச்சு!” என்று குரல் கொடுப்பார். மின்சாரம் எட்டாத லயங்களில் மோட்டார் வண்டியின் பற்றரியைக் கொண்டுதான் கறுப்பு வெள்ளைப் பெட்டி இயங்கியது. பற்றரியை மின்னேற்றப் பட்டினத்துக்குத் தோளிலே சுமந்து சென்றவர்களை இன்றும் காணலாம். தோள்வலியை அவர்கள் மறந்துவிட்டார்கள், பார்த்த படத்தை மறக்கவில்லை.

அதற்கு முன்னே வானொலிதான். மாதர் நிகழ்ச்சியிலே சமையற்குறிப்பு வாசிக்கப்படும். எழுதத் தெரிந்த பெண் பென்சிலும் கொப்பியுமாய் அமர்ந்து வேகமாய் எழுதிக்கொள்வாள்; பாதி எழுதுவதற்குள் குறிப்பு முடிந்துவிடும். எழுத்தறியாதவளுக்கு அதுவும் இல்லை. தொலைக்காட்சி வந்தபின்னரே எழுத்தறியாத கண்ணும் ஒரு பாகத்தை முழுமையாகக் கற்கலாம் என்றாயிற்று. சக்தி தொலைக்காட்சி 1998இல் தோன்றிய பின் தமிழ் நிகழ்ச்சிகள் பெருகின. பின்னர் தகரக் கூரைகளிலே தட்டு வடிவ அன்டெனாக்கள் காளான்போல் முளைக்க, சென்னைச் சமையற்கட்டுகள் யாவும் லயத்துக்குள் வந்துவிட்டன.

ஆனால், கண்டதையெல்லாம் நம் தோட்டத்துப் பெண்கள் சமைத்துப் பார்க்கிறார்களா என்றால், இல்லை. பாதாம் பருப்புக்கும் பாலாடைக்கும் எங்கே போவது? நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2021இல் தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டியது. அப்படியிருந்தும் இந்நிகழ்ச்சிகளை விடாமற் பார்க்கிறார்கள். ஏன்?

நண்பரின் மனைவியாரிடம் இதைக் கேட்டோம். விடிய நான்கு மணிக்கு எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயாராக்கி, பிரட்டுக்கு ஓடி, மாலையில் திரும்பி வந்து மீண்டும் அடுப்பு மூட்டுபவர் அவர். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “அவங்க அவசரப்படாம சமைக்கிறாங்க. பார்க்கிறப்போ நமக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கினாப்போல இருக்கு.”

அரைமணி நேரம் ஒருவர் வெங்காயம் பொன்னிறமாவதை நின்று பார்க்கிறார். அவரை ஊரே பார்க்கிறது. அவர் உப்புப் போட்டால் அதற்கு ஒரு காரணம் சொல்கிறார். முன்னாளில் மேசைக்கு மேலே சாய்வாகக் கண்ணாடி தொங்கவிட்டுப் பாத்திரத்தின் உட்புறத்தைக் காட்டினார்கள். இப்போது அதற்கெனத் தனிக் கமெரா உண்டு. இருட்டுச் சமையற்கட்டில், புகையிலே கண்ணீர் வழிய, எவரும் ஏறிட்டும் பார்க்காத ஒரு வேலையைச் செய்து பழகியவர்களுக்கு, அதே வேலை விளக்கொளியில் வீற்றிருப்பதைக் காண்பது எத்தகைய மனநிறைவு! சமையற் கலைஞர் தாமு 2010ஆம் ஆண்டில் ஒரு முழுநாளுக்கும் மேலாக இடைவிடாது சமைத்து உலக சாதனை படைத்தார் என்று நாம் கூறியபோது அப்பாயி வியந்துதான் போனார். “ஒரு நாளா?” என்றார். பிறகு, தாம் சமைத்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கி, விரல் போதாமல் நிறுத்திக்கொண்டார்.

சுவைக்கு இன்னுமொரு காரணம் உண்டு, அது தவறு. பிறர் கைதவறுவதைக் காண்பதில் நமக்கொரு கள்ளச் சந்தோஷம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து 1963இல் பிரெஞ்சுச் சமையல் கற்பிக்கத் தொடங்கிய ஜூலியா சைல்ட் அம்மையார் ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் தூக்கிப் புரட்ட முயன்றார். பாதி அடுப்பின் மேலே சிதறியது. அம்மையார் கலங்கவில்லை, சிதறியதைப் பொறுக்கிச் சட்டியிலிட்டு, சமையற்கட்டில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்ற பொருள்படச் சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தார். அந்த ஒரு நிமிடத்தை இன்றும் மக்கள் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

விஜய் தொலைக்காட்சியில் 2019இல் ஆரம்பித்த ‘குக் வித் கோமாளி’ இந்தத் தவறையே மூலதனமாக்கிக் கொண்டது. சமைக்கத் தெரிந்தவருக்குத் துணையாக, சமைக்கத் தெரியாத கோமாளி ஒருவர். சீனி கேட்டால் உப்பு வரும். உரிக்கச் சொன்னால் நறுக்குவார். தொடக்கப் பருவங்களில் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாய் அமர்ந்து சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்கள். அதன் இரண்டாம் பருவம் 2020இன் இறுதியிலிருந்து 2021 ஏப்ரல் வரை நடந்தது. கொரோனா அச்சத்தால் உலகமே வீட்டுக்குள் முடங்கியிருந்த அக்காலத்திலே, லயத்துப் பிள்ளைகளின் விளையாட்டே இதுவாகிவிட்டது. இஸ்தோப்பில் மண்ணும் இலையும் வைத்துச் சமைப்பார்கள்; கோமாளி வேடத்துக்குத்தான் போட்டி. ஆடவர் கோமாளியாகச் சமையற்கட்டிலே தடுமாறுவதைக் கண்டு பெண்கள் அவ்வளவு சிரித்தார்களே, அந்தச் சிரிப்பில் சற்றே பழிதீர்த்தலும் கலந்திருந்தது என்பது நம் எண்ணம்.

அப்பாயிக்குப் பிடித்தது வேறு. பேரன் கைத்தொலைபேசியிலே காட்டும் ‘வில்லேஜ் குக்கிங் சனல்’தான் அவருக்கு உயிர். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் பெரியதம்பி என்னும் முதியவரும் அவருடைய பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டி ஊருக்கே சமைக்கும் காட்சி அது. 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைப் பெற்ற முதல் தமிழ் யூடியூப் தளம் என்ற பெயரையும் அடைந்தது. அங்கே கண்ணாடிக் கிண்ணங்கள் கிடையா. அம்மி உண்டு, அரைக்கிறவரும் கண்முன்னே உண்டு. வெங்காயம் உரித்தது யார் என்ற கேள்விக்கு இடமே இல்லை. இன்னொன்றும் உண்டு. அப்பாயியின் பாட்டனார் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறி வந்தவராம். “எங்க ஊரு இப்படித்தான் இருக்குமாம்” என்று, தாம் ஒருநாளும் மிதித்திராத மண்ணை அவர் விரலாற் சுட்டிக் காட்டினார். சட்டியை விட்டுப் பின்னாலிருந்த பனைமரத்தையே நெடுநேரம் பார்த்திருந்தார்.

இத்தனை நிகழ்ச்சிகளிலும் தோட்டத்து ரொட்டியை நாம் ஒருநாளும் கண்டதில்லை. கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். கல்லிலே கனமாகத் தட்டிச் சுட்டால் ஒரு ரொட்டி நண்பகல் வரை மலையிலே நிற்கும் தெம்பைத் தரும். கூட ஒரு சம்பலும் சாயத் தண்ணீரும். தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்தைச் சுமந்த உணவு இது. இதைச் செய்து காட்ட எந்தக் கலைஞரும் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்ததாகத் தெரியவில்லை.

“ஏன், காட்டினாங்களே! எங்க வீட்டிலேயே காட்டினாங்க” என்று சிரித்தார் நண்பரின் மனைவியார். அப்பாயி வெட்கத்துடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதையை அம்மையாரே சொல்ல நாம் கேட்டோம்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை எவரும் மறந்திருக்கமாட்டார். மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசை. செப்டம்பரில் உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. கோதுமை மாவின் விலையோ பன்மடங்காயிற்று. அரிசி வாங்க வகையில்லாதவருக்கு மாவே துணை. அந்தத் துணையும் கைவிட்டது. வீட்டிலே ரொட்டி பாதியாயிற்று, தேங்காய்ப்பூ நின்றது. குப்பி விளக்குக்கும் எண்ணெய் இல்லாமல், அடுப்பு நெருப்பே விளக்காயிற்று. நிகழ்ச்சி பார்க்கும் நேரத்தில் பெட்டி இருண்டு கிடக்க, பிள்ளைகள் பசியோடு அடுப்பைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள்.

அப்பாயி மாவைப் பிசைந்துகொண்டே திடீரென்று குரலை மாற்றினாராம். “நேயர்களே, வணக்கம்! இன்றைக்கு நாம் செய்யப்போவது முந்திரிப்பருப்பு நெய்ச்சோறு.” சென்னைக் கலைஞரின் குரல் அப்படியே வந்தது. பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். “இப்போது நெய் ஊற்றுகிறோம். நல்லா ஊற்றுங்க, கஞ்சத்தனம் வேணாம்.” வெறும் மாவைத் தட்டிக் கல்லிலே போட்டார். “ஏலக்காய் போட்டாச்சா, அப்பாயி?” என்று சின்னவன் கேட்டான். “போட்டாச்சு. கிராம்பும் போட்டாச்சு.” ரொட்டி சுட்டு முடிந்ததும் பேரனும் பேத்தியும் நடுவர்களாகிச் சுவை பார்த்து, பத்துக்குப் பத்து வழங்கினார்கள். மறுநாள் மாலையிலே, மின்சாரம் போவதற்கு முன்பே, “இன்றைக்கு என்ன நிகழ்ச்சி?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். பல மாதங்கள் அந்த இருட்டு நிகழ்ச்சி நடந்தது. ஒருநாள் கோழிப் பிரியாணி; ஒருநாள் பாதாம் அல்வா; கல்லின் மேல் என்றும் ஒரே ரொட்டி. “சமைக்கிறவங்களுக்கு வாசனையிலேயே வயிறு நிறைஞ்சிடும்னு சொல்லி, அவங்க பங்கையும் பிள்ளைகளுக்கே குடுத்துட்டாங்க. எனக்கு அது ரொம்ப நாள் கழிச்சுத்தான் விளங்கிச்சு” என்று சொல்லி அம்மையார் நிறுத்தினார்.

தொலைக்காட்சியில் தொடர்ந்து சமைத்துக் காட்டிப் புகழ்பெற்ற முதல் மனிதர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பிலிப் ஹார்பென். பி.பி.சி.யில் 1946ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் தம் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். போர் முடிந்தும் பங்கீடு முடியாத காலம். மறுமாதமே பாணுக்கும் பங்கீடு வந்தது. அந்த நாட்டுக்கு அவர் செய்து காட்டியது, சிங்க இறால் நிரப்பிய பலகாரம்! பார்த்தவர்கள் கோபித்திருக்க வேண்டுமே என்று இச்செய்தியைப் படித்த நாளில் நாம் எண்ணினோம். அந்தக் காம்பராவில் இருந்து எழுந்தபோது அப்படி எண்ணத் தோன்றவில்லை.

அந்த நிகழ்ச்சியை நமக்காக ஒருமுறை செய்து காட்டும்படி அப்பாயியை வேண்டினோம். “சும்மா சொன்னா குரல் வராது ஐயா. கையில மா இருக்கணும். காலையில ரொட்டி தட்டுறப்போ வாங்க” என்றார். நண்பர் வற்புறுத்த, இரவு அங்கேயே தங்கினோம். ஊவாவின் குளிர் யாரையும் எளிதில் எழவிடாது. நாம் கண் விழித்தபோது மணி ஐந்தரை. அடுப்பு தணிந்திருந்தது, சட்டி கழுவிக் கவிழ்த்தாயிற்று. நமக்கென இரண்டு ரொட்டிகள் தட்டினால் மூடி வைக்கப்பட்டிருந்தன.